அனுமதி முதலில், தூண்டில் இறுதியில்
பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகளில் தாமே திட்டமிடும் தூண்டிற்பயணம்

ஊருக்கு வெகுதொலைவில் உள்ள முகாமொன்றில் சில நாள்கள் தங்கி, பயண நிறுவனத்தின் துணையின்றித் தாமே அனைத்தையும் ஏற்பாடு செய்துகொண்டு, தூண்டிலிட்டு மகிழும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பசிபிக் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவுக்கும் இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளுக்கும் இதற்காகவே செல்வோர் உண்டு. அங்கெல்லாம் தூண்டில் விழுவது உப்புநீரில். தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் வாழும் நமக்கோ கடலைவிட மலை அருகில் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலைப்பேட்டையிலிருந்தும் புறப்பட்டால் அரைநாளுக்குள் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைக் காடுகளை அடைந்துவிடலாம். ஆகவே, அந்த மலைகளை முன்னிறுத்தி இத்தகைய பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

பெரும்பாலோர் இப்பயணத்தைக் கருவியிலிருந்து தொடங்குகின்றனர். முதலில் தூண்டிற்கோல் வாங்கப்படுகிறது. அடுத்து விடுப்பு எடுக்கப்படுகிறது. பின்னர் அறை பதிவாகிறது. அனுமதி பற்றிய நினைவு சோதனைச்சாவடியில்தான் எழுகிறது. இந்த வரிசை முற்றிலும் தலைகீழானது. கடைத்தெருவோ கைப்பேசித் தொடர்போ இல்லாத இடத்தில், சென்றடைந்த பிறகு எதையும் சரிசெய்ய இயலாது. அனுமதி, பருவம், வழி, பணம், கருவி என்ற வரிசையில் செல்வதே பொருளுக்கும் உயிருக்கும் காப்பு.

ஈத்தூண்டில் என்பது யாது?

நம் ஆற்றங்கரைகளில் வழங்கும் தூண்டிலில் மண்புழுவையோ மாவுருண்டையையோ முள்ளில் கோத்து, தக்கையையும் ஈயக்குண்டையும் கட்டி நீரில் எறிகிறோம். எறியும்போது முன்னே செல்வது குண்டின் எடை. ஈத்தூண்டிலில் இரை இல்லை, குண்டும் இல்லை. இறகு, மயிர், நூல் ஆகியவற்றால் பூச்சியைப் போலவோ சிறு மீனைப் போலவோ கட்டப்பட்ட செயற்கை ஈ ஒன்றே முள்ளை மறைத்திருக்கும். அதற்கு எடை இல்லாமையால், தடித்த கயிறே எடையாகச் செய்யப்பட்டுள்ளது. கோலை முன்னும் பின்னும் வீசும்போது கயிறு காற்றில் சுருள் விரிந்து, நுனியிலுள்ள மெல்லிய தங்கூசி நரம்பையும் ஈயையும் நீர்ப்பரப்பில் மெதுவாக இறக்குகிறது.

கயிற்றின் எடைக்கேற்பக் கோல்களுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன. மலையோடைகளின் டிரவுட் மீனுக்கு 4 முதல் 6 வரையிலான எண்கள் போதுமானவை. காற்று மிகுந்த கடற்கரையில் வலிய மீன்களை எதிர்கொள்ள 8 முதல் 12 வரையிலான எண்கள் தேவை. கோல், கயிறு, சுழலி மூன்றும் ஒரே எண்ணுக்குப் பொருந்தியிருத்தல் வேண்டும். இதை அறியாது தனித்தனியே வாங்குவோர் இருமுறை செலவு செய்கின்றனர்.

இந்தக் கலை நம் மலைகளுக்கு வந்தது ஆங்கிலேயர் காலத்தில். நீலகிரியின் ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்கும் முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கித் தோல்வி கண்டன. குளிர்ச்சியை நாடும் அம்மீனின் முட்டைகளை வெப்பமான கடற்பயணத்தில் காத்துக் கொணர்வது எளிதாக இருக்கவில்லை. 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பின்னரே முயற்சி நிலைபெற்றது. அதே காலப்பகுதியை ஒட்டி மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தாரும் தங்கள் மலைநீர்களில் டிரவுட்டை விட்டனர். ராஜமலையில் பொரிப்பகம் அமைந்தது. தோட்டத்தாரின் தூண்டிற்சங்கமும் உருவாயிற்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட்டே இங்கு நிலைத்தது. தாயகத்தில் அம்மீனின் ஒரு பிரிவு கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிறது.

இரு மாவட்டங்கள், இரு வகை நீர்

பாலக்காடும் இடுக்கியும் கேரளத்தின் கிழக்கெல்லையில் இருப்பினும் ஒன்றையொன்று தொடுவன அல்ல. இடையே தமிழகத்தின் வால்பாறை மேட்டுநிலமும் ஆனைமலைக் காடுகளும் உள்ளன. பாலக்காட்டுப் பக்கம் பரம்பிக்குளம். இடுக்கிப் பக்கம் சின்னாறு, மறையூர், மூணாறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காட்டின் ஊடே செல்லப் பொதுச்சாலை இல்லை. பரம்பிக்குளத்திலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கி, உடுமலைப்பேட்டை வழியாகச் சுற்றியே சின்னாற்றை அடைய வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டையும் காண விரும்புவோர் இடையில் ஒரு முழுநாளை ஒதுக்குவது நன்று.

பரம்பிக்குளம் கேரளத்தின் காடு. எனினும் அதற்குச் செல்லும் வண்டிச்சாலை தமிழகத்தின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்கிறது. அங்குள்ள அணையும் கேரள மண்ணில் உள்ளது. ஆனால் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின்கீழ் அதைப் பராமரித்து இயக்குவது தமிழகம். மேற்கே சாலக்குடியாற்றுக்குச் செல்ல வேண்டிய நீர், சுரங்கங்களின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு, கொங்குநாட்டு வயல்களுக்குப் பாய்கிறது. இரு மாநிலங்களுக்கும் இடையே இதற்கான உடன்படிக்கை 1970இல் கையொப்பமாயிற்று.

இடுக்கிப் பக்கத்தில் இயற்கையே கிழக்கு நோக்குகிறது. கேரளத்தின் ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கே பாய்கின்றன. பாம்பாறு மறையூர்ப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, சின்னாற்றோடு கூடி, அமராவதி அணையை அடைந்து, இறுதியில் காவிரியில் கலக்கிறது. உடுமலையில் நாம் காணும் வாய்க்கால் நீரின் தலைப்பு, இடுக்கியின் புல்வெளிகளில் இருக்கிறது.

முதற்படி: நீர் யாருடையது?

இம்மலைகளில் ஓடைக்கும் ஏரிக்கும் உரியவர் பலர். தேயிலைத் தோட்டத்திற்குள் அமைந்த ஏரி தோட்ட நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும். மாட்டுப்பட்டி, குண்டளை போன்ற நீர்த்தேக்கங்கள் கேரள மின்வாரியத்தைச் சேர்ந்தவை. பரம்பிக்குளம், சின்னாறு, இரவிகுளம் ஆகியவற்றின் நீர்கள் வனத்துறையின் ஆளுகைக்கு உட்பட்ட காட்டினுள் உள்ளன. கரையில் நிற்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தின் முன் தெரியும்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துள் நுழைய எந்தெந்த நோக்கங்களுக்கு அனுமதி வழங்கலாம் என்பதை 28ஆம் பிரிவில் வரிசைப்படுத்துகிறது. வனவுயிர் ஆய்வு, ஒளிப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கு வாழ்வோருடன் முறையான தொழில் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. தூண்டிலிடுதல் அந்த வரிசையில் இல்லை. அச்சட்டத்தில் விலங்கு என்னும் சொல் மீனையும் உள்ளடக்கும். எனவே சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ தங்குவதற்குப் பெற்ற அனுமதி, அங்கு மீன்பிடிக்கும் அனுமதியாகாது. ‘பிடித்து மீண்டும் விட்டுவிடுகிறோம்’ என்னும் விளக்கமும் அங்குச் செல்லாது.

பரம்பிக்குளத்தில் காடர், மலசர், முதுவர் முதலிய பழங்குடியினர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்களது வாழ்வுரிமை வேறு. நம் பொழுதுபோக்கு வேறு. உள்ளூரார் ஒருவர் வலை வீசுவதைக் கண்டு, நமக்கும் தடையில்லை என முடிவு கட்டிவிடல் ஆகாது.

ஆகவே தூண்டிலோடு செல்வோர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இந்நீர் காப்புக்காட்டின் எல்லைக்குள் உள்ளதா? அல்லவெனில் இதற்கு உரியவர் யார்? அவர் எந்த நாள்களுக்கு, எந்த மீனுக்கு அனுமதி தருகிறார்? அது எழுத்தில் உள்ளதா? இந்நான்கிற்கும் தெளிவான விடை கிடைக்கும்வரை ஒரு ரூபாயும் செலவிடாதிருப்பதே சிறந்தது. எழுத்தில் இல்லாத அனுமதி, இல்லாத அனுமதியே.

பாம்பாற்றின் மீன்

சட்டத்தின் இந்தக் கண்டிப்புக்குப் பொருள் உண்டு என்பதைச் சின்னாறு காட்டுகிறது. உலகத் தூண்டிற்காரர்கள் நெடுங்காலமாக வியந்து போற்றிய மீன், காவிரியின் திமில் மஹ்சீர். கெண்டைக் குடும்பத்தின் பேருருவம் அது. 1946இல் கபினியாற்றில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்கு அறிவியற்பெயர் உறுதியாகாமலே பல பத்தாண்டுகள் கழிந்தன.

இந்நூற்றாண்டின் முற்பகுதியில், பாம்பாற்றில் கிடைத்த சிறு மஹ்சீர்களைக் கொண்டு கேரள ஆய்வாளர்கள் ஒரு புதிய இனத்தை விவரித்து, மீனியல் அறிஞர் ரெமாதேவி அவர்களின் பெயரால் டோர் ரெமாதேவி என அதற்குப் பெயரிட்டனர். காவிரியின் பெருமீனும் பாம்பாற்றின் இச்சிறு மீனும் ஒரே இனம் என்பதை 2018இல் வெளியான ஆய்வு நிறுவியது. அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அணைகள், மணல் அள்ளுதல், வெடிவைத்து மீன்பிடித்தல், வேற்று மஹ்சீர்களை ஆற்றில் விட்டமை ஆகியன இதன் அழிவுக்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன.

சின்னாற்று முகாமில் தங்குவோரின் காலடியில் ஓடும் நீர் அத்தகையது. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை, கண்ணுக்கு இடமுண்டு. வனத்துறைக் காவலரின் துணையோடு ஆற்றோரம் நடந்து, தெளிந்த மடுக்களில் மீன் திரிவதைக் காண்பதே அப்பயணத்தின் பயன். ஒளிச்சிதறலைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை அணிந்தால் நீருக்குள் நன்கு பார்க்கலாம். மீன் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, எதை உண்கிறது என்பதைக் கண்டறிவதே ஈத்தூண்டிற்கலையின் பெரும்பகுதி; வீசுதல் எஞ்சிய சிறுபகுதி. முற்பகுதியைச் சின்னாற்றில் பயின்றபின், அனுமதியுள்ள தோட்டத்து நீரில் பிற்பகுதியை நிறைவேற்றலாம்.

இரண்டாம் படி: பருவம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மூணாற்று மலைமுகட்டில் கொட்டுகிறது. ஓடைகள் கலங்கிப் பெருக்கெடுப்பதால் அப்போது தூண்டிலுக்கு வேலை இல்லை, அபாயமோ மிகுதி. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. உயிரிழந்த 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். தொலைத்தொடர்பு அற்றிருந்தமையால் செய்தி வெளியே எட்டவே மணிக்கணக்காயிற்று. பாலம் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டிருந்தமையால் மீட்புக் குழுவினரின் வருகையும் தாமதமுற்றது. அங்கேயே பிறந்து வளர்ந்தோர்க்கே அந்நிலை எனில், வழி அறியாத விருந்தினர் மழைக்காலத்தில் அங்குச் செல்வதை எண்ணவும் கூடாது.

சின்னாறு மழைமறைவுப் பகுதி. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழையே அங்குப் பெய்கிறது. அதுவும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில். மூணாற்றில் குடை பிடிக்கும் நாளில் சின்னாற்றில் புழுதி பறக்கும். ஆனால் பாம்பாற்றின் தலைப்பு மழைப்பகுதியில் இருப்பதால், உச்சியில் வானம் தெளிவாக இருந்தாலும் ஆற்றில் திடீரென நீர் உயரலாம் என்பதை மறத்தல் ஆகாது.

கோடையில் வேறு கவலை. 2018 மார்ச் 11ஆம் நாள், இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேற்றத்தினர் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ அபாயம் மிகும் நாள்களில் வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைப்பது உண்டு. இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாக மூடப்படுகிறது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், டிசம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி இறுதி வரையே குடும்பத்தோடு செல்ல உகந்த காலம். அப்போது ஓடை நீர் தெளிந்து குளிர்ந்திருக்கும். டிரவுட்டும் ஊக்கத்தோடு இரை தேடும். அக்காலத்தில் முகாம்களுக்குத் தேவை மிகுவதால், பதிவைச் சில மாதங்கள் முன்னரே முடித்தல் வேண்டும்.

மூன்றாம் படி: வழியும் முகாமும்

‘வழிகாட்டியின்றி’ என்னும் சொல்லுக்கு இக்காடுகளில் வரம்பு உண்டு. வழி, தங்குமிடம், உணவு, செலவு ஆகியவற்றை நாமே திட்டமிடலாம். ஆயின் காட்டினுள் நடப்பதற்கு வனத்துறை அனுப்பும் துணையாளர் உடன் வருவார். அவர் பெரும்பாலும் அம்மண்ணின் பழங்குடியைச் சேர்ந்தவர். யானையின் தடத்தையும் காற்றின் திசையையும் அறிந்தவர். அவரை அண்ணா என அழைத்து, அவர் சொற்படி நடப்பது நமக்கே நன்மை.

பரம்பிக்குளம் செல்வோர் தமிழக, கேரளச் சோதனைச்சாவடிகள் இரண்டையும் பகலிலேயே கடக்குமாறு புறப்பட வேண்டும். இருசக்கர வண்டியில் செல்ல எண்ணுவோர் அதற்கு அனுமதி உண்டா என முன்பே வனத்துறையிடம் கேட்டறிதல் வேண்டும். உடுமலை–சின்னாறு சாலையில் யானைகள் கடக்கும். அந்தி சாய்ந்தபின் அவ்வழியைத் தவிர்ப்பது நலம்.

நீரோரத்தில் இரண்டு அபாயங்களைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். ஒன்று முதலை. பரம்பிக்குளத்திலும் அமராவதியிலும் நன்னீர் முதலைகள் வாழ்கின்றன. அங்கே நீரில் இறங்குதல், கரையோரம் பாத்திரம் கழுவுதல், குழந்தைகளை விளையாடவிடுதல் அனைத்தும் விலக்கத்தக்கவை. மற்றொன்று அணையின் கீழ்ப்பகுதி. 2022 செப்டம்பர் 21ஆம் நாள் விடியற்கு முன்னர், பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து, நொடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி நீர் வெளியேறியது; சாலக்குடியாற்றங்கரை முழுவதும் எச்சரிக்கை விடப்பட்டது. மழையின்றியும், முன்னறிவிப்பின்றியும் ஆற்றில் வெள்ளம் வரக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அணைக்குக் கீழே ஆற்றின் நடுவிலுள்ள பாறையில் நின்று தூண்டிலிடுவதும் ஓய்வெடுப்பதும் எந்நாளும் கூடாது.

பயண விவரத்தை ஒரே தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். முகாமின் பெயர், அனுமதிச்சீட்டின் எண், வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி, திரும்பும் நாள், அந்நாளில் செய்தி வாராவிடில் எத்தனை மணிக்கு யாரை அழைப்பது ஆகியவை அதில் இருக்கட்டும். அனுமதிச்சீட்டு வெறும் கட்டண ரசீது அன்று. இடர் நேர்ந்தால் தேடுவோர்க்கு அதுவே நம் முகவரி. அனுமதியின்றி வேறு வழியில் சென்றவரை எங்கே தேடுவது என எவருக்கும் தெரியாது.

தொடர்புக்காகச் செயற்கைக்கோள் தொலைபேசியையோ செயற்கைக்கோள் செய்திக் கருவியையோ கொண்டுவர எண்ணும் வெளிநாட்டு உறவினர்க்கு ஓர் எச்சரிக்கை. தொலைத்தொடர்புத் துறையின் முன்அனுமதி இன்றி அவற்றை இந்தியாவில் வைத்திருத்தல் குற்றம். மருத்துவ உதவிக்குப் பரம்பிக்குளத்திலிருந்து பொள்ளாச்சியையும், சின்னாற்றிலிருந்து உடுமலைப்பேட்டையையும் நினைவிற்கொள்க. பாம்பு கடித்தால் கீறுவதோ கட்டுவதோ செய்யாமல், கடிபட்டவரை அசையவிடாது விரைவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

நான்காம் படி: பணம்

இப்பயணத்திற்கான தொகையை மூன்று பைகளாகப் பிரித்துக்கொள்ளுதல் எளிது. முதலாவது முன்பணம்: பதிவு, அனுமதிக் கட்டணம், வண்டி வாடகை. இரண்டாவது வழிப்பணம்: உணவு, எரிபொருள், துணையாளர்க்குரிய கட்டணம். மூன்றாவது காப்புப்பணம்: வண்டி பழுது, மருத்துவம், ஒருநாள் கூடுதலாகத் தங்க நேர்தல். எடுத்துக்காட்டாக, நால்வர் கொண்ட குடும்பம் 36,000 ரூபாயை இலக்காகக் கொள்வதாக வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 ரூபாய் வீதம் 12 மாதத் தொடர்வைப்பில் செலுத்தினால் முதலே அத்தொகையாகிறது. வட்டி மிகையாகக் கிடைக்கிறது. அதில் 18,000 முன்பணம், 9,000 வழிப்பணம், 9,000 காப்புப்பணம் எனப் பகுத்துக்கொள்ளலாம். காப்புப்பணம் செலவாகாமல் திரும்பினால், அதுவே அடுத்த பயணத்தின் முதல் தவணை. கடன் அட்டையை நம்பிக் காட்டுக்குச் செல்வதைவிட இது மனத்துக்கு அமைதி தரும்.

பதிவு செய்யும்போது வனத்துறையின் அதிகாரப்பூர்வத் தளத்தையோ அலுவலகத்தையோ மட்டும் நாடுக. வனத்துறை விடுதியின் பெயரைச் சொல்லி, தனியாள் ஒருவரின் கணக்குக்கு யூபிஐ வழியே பணம் அனுப்பக் கோரினால் அங்கேயே நிறுத்துக. சரணாலயத்துள் மீன்பிடிக்கத் ‘தனி அனுமதி’ வாங்கித் தருவதாகக் கூறுவோரும் அத்தகையோரே. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தவுடன் 1930 என்னும் எண்ணையும் உங்கள் வங்கிக் கிளையையும் அழையுங்கள். பதிவை நீக்கினால் எவ்வளவு திரும்பும் என்பதையும், வனத்துறையே மூடினால் என்னாகும் என்பதையும் பணம் செலுத்தும் முன்னர் படித்தறியுங்கள்.

பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு ஆகிய ஊர்களைக் கடந்தபின் ஏடிஎம்மையோ யூபிஐயையோ நம்பியிருத்தல் கூடாது. தொடர்பில்லாத இடத்தில் கைப்பேசிப் பணம் செல்லாது. 50, 100, 200 ரூபாய்த் தாள்களாகப் போதிய தொகையை எடுத்து, இருவரிடம் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் எண்ணிப்பாராத செய்தி ஒன்றுண்டு. நம் கணக்கில் மூன்றாம் தரப்பினர் மோசடியாகப் பணம் எடுத்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலைநாள்களுக்குள் தெரிவித்த வாடிக்கையாளர்க்கு இழப்புப் பொறுப்பு இல்லை என இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. 4 முதல் 7 வேலைநாள்களுக்குள் தெரிவித்தால், கணக்கின் வகைக்கேற்ற வரம்புவரை வாடிக்கையாளரும் பொறுப்பேற்க நேரும். அதற்கும் பிந்தினால் வங்கியின் கொள்கைப்படி முடிவு செய்யப்படும். தொடர்பற்ற முகாமில் ஐந்து நாள் தங்குவோர்க்கு அந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்தி திரும்பும் வழியில்தான் கண்ணில் படும். எனவே புறப்படுமுன் அட்டையின் இணையவழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் நிறுத்திவையுங்கள். நாள் வரம்பைக் குறையுங்கள். வங்கிச் செயலியிலேயே இவற்றைச் செய்யலாம். தொடர்பு கிடைத்தவுடன் முதலில் திறக்க வேண்டியது படத்தொகுப்பையன்று, கணக்கு விவரத்தை.

காப்பீட்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையிலானோர்க்கு ஆண்டுக்கு 20 ரூபாய்க் கட்டணத்தில், விபத்தால் இறப்போ முழு ஊனமோ நேரின் 2 லட்சம் ரூபாய் காப்பு உண்டு. காப்புக்காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. தனியே பயணக் காப்பீடு எடுப்போர், மலையேற்றமும் நீர்விளையாட்டும் விலக்கப்பட்டுள்ளனவா எனப் படித்துப் பார்த்தல் வேண்டும். வாரிசு நியமனம் எல்லாக் கணக்குகளிலும் பதிவாகியுள்ளதா என்பதைப் பார்க்கவும் இதுவே தக்க தருணம்.

இறுதிப்படி: கருவி

அனுமதி எழுத்தில் கிடைத்து, நாளும் உறுதியான பின்னர் கருவி வாங்குங்கள். தொடங்குவோர்க்கு 9 அடி நீளமுள்ள, 5ஆம் எண் கோல் ஒன்றும், அதற்குரிய மிதக்கும் கயிறும், சில செயற்கை ஈக்களும் போதும். முள்ளின் எதிர்மடிப்பைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்தும், தவறினால் நம் விரலிலிருந்தும் எளிதில் கழலும். மீனை விடுவிப்பதாயின் கையை நனைத்துக்கொண்டு, அதை நீருக்குள்ளேயே வைத்து விடுவிக்க வேண்டும். உலர்ந்த கை அதன் வழுவழுப்பான மேற்பூச்சைச் சிதைக்கும். ஓர் ஓடையின் மீனை மற்றோர் ஓடையில் விடுதல் ஒருபோதும் கூடாது. வெட்டிய நரம்புத் துண்டுகளை ஊருக்கே எடுத்து வாருங்கள். பறவையின் காலில் சுற்றினால் அவிழ்ப்பார் இல்லை. வீசும் பயிற்சியை வீட்டருகே உள்ள திடலில் ஒரு மாதம் செய்தால், முகாமில் கழியும் ஒவ்வொரு மணியும் பயன்படும்.

உப்புநீரை நாடுவோர்க்கு

மலையில் பழகியபின் கடலை விரும்புவோர்க்கும் இதே வரிசை பொருந்தும். கேரளக் கரைக்கு எதிரே உள்ள லட்சத்தீவுகளில் பவளத்திட்டுகளுக்கு உட்புறமாக ஆழமற்ற காயல்கள் உண்டு. அங்கும் முதலில் வருவது நுழைவு அனுமதியே. அத்தீவினர் அல்லாத இந்தியக் குடிமக்களும் அதைப் பெற்றே செல்ல வேண்டும். பருவமழைக்குப் பதிலாக அங்கே ஓதமும் காற்றும் நாளை முடிவு செய்கின்றன. முதலைக்குப் பதிலாகப் பவளமும் கல்மீனின் நச்சுமுள்ளும் காலைப் பதம்பார்க்கும். தடித்த அடியுள்ள காலணி இன்றியமையாதது. உப்பு உலோகத்தை அரிப்பதால் ஒவ்வொரு மாலையும் சுழலியையும் கோலின் வளையங்களையும் நன்னீரில் அலசுதல் வேண்டும். பழுதானால் மாற்றுப்பொருள் வாங்கத் தீவில் கடை இராது. எனவே கயிறும் சுழலியும் இரண்டிரண்டாகச் செல்லட்டும்.

மலையாயினும் கடலாயினும், ஒதுக்குப்புற முகாமில் நமக்கு உதவுவது புறப்படுமுன் செய்து முடித்தவை மட்டுமே. அனுமதி கையில் இருக்க, பருவம் தெரிந்திருக்க, வழி வீட்டார்க்குத் தெரிந்திருக்க, கணக்கு பூட்டியிருக்க, காப்புப்பணம் தனியே இருக்க, அதன்பின் தூண்டிற்கோலை எடுத்துக்கொள்ளலாம். இவ்வாண்டு டிசம்பர்ப் பயணத்தை எண்ணும் வாடிக்கையாளர்கள், தொடர்வைப்பு தொடங்கவும், அட்டை வரம்பை மாற்றவும், காப்பீட்டையும் வாரிசு நியமனத்தையும் சரிபார்க்கவும் தங்கள் கிளைக்கு இப்போதே ஒருமுறை வருக.